349-ல் நின்ற ஆட்டம்

சச்சினுடன் ஒரே மைதானத்தில் வளர்ந்தவர் வினோத் காம்ப்ளி. டெஸ்ட் சராசரியில் நண்பனைவிட ஒரு படி மேல். ஆனால் 23 வயதில் அவரது டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. தவறு யாருடையது?

விடுமுறை நாள் காலைகளில் நவி மும்பையின் சான்பாடா ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயிலுக்காக நிற்கும் கூட்டத்தில் ஒன்றிரண்டு சிறுவர்களாவது தங்கள் உயரத்துக்குப் பொருந்தாத கிரிக்கெட் பையைச் சுமந்துகொண்டிருப்பார்கள். மாட்டுங்காவோ செம்பூரோ தாராவியோ, மும்பையில் தமிழர்கள் வாழும் எந்தப் பேட்டையிலும் இந்தக் காட்சி உண்டு. சான்பாடாவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் நெருல். அங்குள்ள டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் சச்சின் டெண்டுல்கரின் பெயரைத் தாங்கிய அகாடமியில், இப்படிப்பட்ட சிறுவர்களுக்குச் சில காலம் பயிற்சி அளித்தவர் வினோத் காம்ப்ளி.

அந்த வேலை நீடிக்கவில்லை. காலை 5 மணிக்கு எழுந்து, டாக்சி பிடித்து நெருலுக்குப் போய்வருவது கட்டுப்படியாகவில்லை என்று 2022 ஆகஸ்டில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் சொன்னார். கிரிக்கெட் வாரியம் தரும் மாதம் 30,000 ரூபாய் ஓய்வூதியம்தான் தன் ஒரே வருமானம் என்றும், மும்பை கிரிக்கெட் சங்கம் ஏதாவது வேலை கொடுத்தால் நன்றியோடு செய்வேன் என்றும் கேட்டுக்கொண்டார். குடியை விடச் சொன்னால் உடனே விட்டுவிடுவதாகவும் உறுதியளித்தார். அப்போது அவருக்கு வயது 50.

ஒரு காலத்தில் இந்தியாவின் அடுத்த பெரிய நட்சத்திரம் என்று பேசப்பட்டவர் அவர். 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் நடந்த ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டியில் சாரதாஷ்ரம் பள்ளிக்காக இரண்டு பையன்கள் சேர்ந்து 664 ரன் குவித்தார்கள். 14 வயது சச்சின் 326, 16 வயது காம்ப்ளி 349. இருவரும் ஆட்டமிழக்கவில்லை. ஆட்டத்தை முடித்துக்கொள்ளும்படி எல்லைக்கோட்டில் நின்று உதவிப் பயிற்சியாளர் கத்தியபோது இருவரும் காதில் விழாததுபோல் நடித்ததைப் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். பிறகு பந்து வீசவும் வந்த காம்ப்ளி, எதிரணியான செயின்ட் சேவியர் பள்ளியின் 6 விக்கெட்டுகளை 37 ரன்னுக்குச் சாய்த்தார்.

கட்டளையை மீறியது இருவரும்தான். ஆனால் மைதானத்தை விட்டு வெளியே வந்த பிறகு அவர்கள் போன பாதைகள் வேறு. பேராசிரியர் வீட்டுப் பையன் சச்சின், பயிற்சிக்கு அலைய வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக சிவாஜி பார்க் அருகே உறவினர் வீட்டில் தங்கவைக்கப்பட்டார். ஒவ்வொரு அடியிலும் அண்ணன் அஜித் உடனிருந்தார். காம்ப்ளி காஞ்சூர்மார்க்கின் எளிய குடியிருப்பில் வளர்ந்த மெக்கானிக்கின் மகன். கிட் பையோடு நெரிசல் ரயிலில் தொங்கிக்கொண்டுதான் தாதருக்கு வருவார். பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர் இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்தினார். வீட்டில் கிடைத்த பாடம்தான் ஒன்றாக இல்லை.

சச்சின் 16 வயதில் இந்திய அணிக்குள் நுழைந்தார். காம்ப்ளி 1991-ல் ஷார்ஜாவில் ஒரு நாள் போட்டியில் அறிமுகமானார். டெஸ்ட் வாய்ப்புக்கு 1993 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சச்சின் லிஃப்டில் போனார், நான் படியேறி வந்தேன் என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை.

ஆனால் வந்த வேகம் அசாத்தியமானது. தனது 21-வது பிறந்த நாளன்று ஜெய்ப்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு நாள் போட்டியில் சதம். அடுத்த மாதம் மும்பை வான்கடேயில் அதே இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 224. அதற்கடுத்த டெஸ்டில் டெல்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227. தொடர்ந்து இரண்டு டெஸ்டுகளில் இரட்டைச் சதம் அடித்தவர்கள் அதற்கு முன் இருவர் மட்டுமே: வாலி ஹாமண்ட், டான் பிராட்மன். பிறகு இலங்கையில் 125, 120. முதல் 7 டெஸ்டுகளில் அவரது சராசரி 100-ஐத் தாண்டியது. 14 இன்னிங்ஸில் 1,000 ரன் எட்டிய அவரது சாதனையை இதுவரை எந்த இந்தியரும் முறியடிக்கவில்லை.

பணமும் புகழும் ஒரே நேரத்தில் கொட்டின. காதில் கடுக்கன், கழுத்தில் தங்கச் சங்கிலி, இரவு விருந்துகள் என்று காம்ப்ளியின் பெயர் விளையாட்டுப் பக்கங்களைத் தாண்டியும் அடிபட்டது. ஆட்டம் நன்றாக இருந்தவரை அதெல்லாம் இளமைத் துடுக்காகவே பார்க்கப்பட்டது. 1994-ன் இறுதியில் வந்த வெஸ்ட் இண்டீஸ் அணியின் வேகப்பந்து வீச்சாளர் கோர்ட்னி வால்ஷ் நெஞ்சுக்குக் குறிவைத்து எழுப்பிய பந்துகளில் அவர் தடுமாறியதும், அதே துடுக்கு ஒழுங்கீனம் என்ற பெயரைப் பெற்றது. 1995 நவம்பரில் கட்டாக்கில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடியதே அவரது கடைசி டெஸ்ட். மொத்தம் 17 டெஸ்ட், 1,084 ரன், சராசரி 54.20. இருநூறு டெஸ்ட் ஆடி ஓய்வு பெற்ற சச்சினின் சராசரி 53.78.

அடுத்த ஆண்டு மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரை இறுதி. இலங்கையின் 251 ரன்னை விரட்டிய இந்தியா 120 ரன்னுக்கு 8 விக்கெட்டுகளை இழந்தபோது ரசிகர்கள் பாட்டில்களை வீசினார்கள். இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டது. 10 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்ற காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவரது ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களுக்கும் அந்த அழுகை நினைவிருக்கிறது.

தேர்வாளர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் அணிக்கு அவரை மீண்டும் மீண்டும் அழைத்தார்கள். ஒன்பது முறை அணிக்குத் திரும்பியும் அவரால் நிலைத்து நிற்க முடியவில்லை. 2000 அக்டோபரில் ஷார்ஜாவில் இந்தியா 54 ரன்னுக்குச் சுருண்ட இறுதி ஆட்டத்துடன் 104 ஒரு நாள் போட்டிகளின் கணக்கு முடிந்தது. பிறகு ஒரு இந்திப் படம், 2009-ல் விக்ரோலி தொகுதியில் சட்டமன்றத் தேர்தல் போட்டி, தோல்வி. அதே ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சச்சின் தனக்கு இன்னும் உதவியிருக்கலாம் என்று சொல்லி நட்பிலும் விரிசலை உண்டாக்கினார்.

விளையாட்டு உலகத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. பெல்பாஸ்ட் நகரத்து ஏழைப் பையன் ஜார்ஜ் பெஸ்ட், 17 வயதில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணிக்கு வந்து, 1968-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரரானார். பயிற்சிக்கு வராமல் இருப்பது, காணாமல் போவது, குடி என்று 27 வயதில் அந்த அணியை விட்டே வெளியேறினார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் குடியை விடாமல் 2005-ல், 59 வயதில் இறந்தார். அவரது மேனேஜர் மாட் பஸ்பி தந்தையைப் போல் கண்டித்தும் பார்த்தார், மன்னித்தும் பார்த்தார். ஆக, அருகில் ஒரு பெரியவர் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பெஸ்ட் தன் இஷ்டத்துக்கு ஆடி முடிக்கும்வரை வாய்ப்புகள் இருந்தன. காம்ப்ளிக்கு டெஸ்ட் கதவு 23 வயதில் மூடியது. அதன் பிறகு திறக்கவே இல்லை. 54 சராசரி உள்ள ஒருவரைத் திருத்திக் கொண்டுவருவதைவிட விலக்கி வைப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

2013 நவம்பரில் வான்கடேயில் விடைபெற்ற சச்சின் தன் உரையில் பலருக்கும் நன்றி சொன்னார். காம்ப்ளியின் பெயர் அதில் இல்லை. அதே மாத இறுதியில் செம்பூரிலிருந்து பாந்திராவுக்குக் கார் ஓட்டிச் சென்ற காம்ப்ளிக்கு வழியிலேயே மாரடைப்பு வந்தது. அவர் தடுமாறுவதைக் கவனித்த ஒரு பெண் போக்குவரத்துக் காவலர்தான் மருத்துவமனைக்கு அனுப்ப உதவினார்.

2024 டிசம்பர் 3 அன்று சிவாஜி பார்க்கில் அச்ரேக்கரின் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மேடையில் உட்கார்ந்திருந்த காம்ப்ளி, அருகே வந்த சச்சினின் கையைப் பிடித்துக்கொண்டு விட மனமில்லாமல் இருந்த காட்சி பலரையும் உலுக்கியது. அதே மாதம் அவர் தானே அருகே பிவண்டியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். போதை மறுவாழ்வுக்கு அவரே முன்வந்தால் உதவத் தயார் என்று கபில்தேவ் அறிவித்திருந்தார்; காம்ப்ளியும் சம்மதித்தார். 2025 ஏப்ரல் முதல் சுனில் கவாஸ்கரின் அறக்கட்டளை மாதம் 30,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது.

உதவிக் கரங்கள் நீண்டது நல்லதுதான். ஆனால் 52 வயதில் நீண்ட கைகள் 22 வயதில் நீண்டிருந்தால்? காம்ப்ளியின் தவறுகளுக்குக் காம்ப்ளிதான் பொறுப்பு. அதை அவரே மறுக்கவில்லை. இருந்தும், காஞ்சூர்மார்க் பையனுக்கு மும்பையின் மைதானங்கள் பவுண்டரி அடிக்கக் கற்றுக்கொடுத்தன. திடீரென்று வந்த பணத்தோடும் புகழோடும் எப்படி வாழ்வது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சான்பாடா ஸ்டேஷனில் கிட் பையோடு ரயிலுக்கு நிற்கும் சிறுவனுக்கு 224-ம் தெரியாது, 227-ம் தெரியாது. அவனைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பந்தை எப்படி அடித்தாய் என்று மட்டும் மகனிடம் கேட்டால் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது.