தற்காலிக அட்டவணைகளும் தரவாய்வும்

கோடிக்கணக்கான பதிவுகள் நிறுவனமொன்றின் தரவுத்தளத்திலே கிடக்க, ஆய்வாளர் கையிலே சில ஆயிரம் அடையாள எண்கள் மட்டும் இருப்பது வழக்கமான நிலைமை. அவற்றுக்குரிய பதிவுகளைப் பெறுதற்குத் தரவு முழுவதையும் சாஸ் போன்றதொரு புள்ளிவிபர மென்பொருளுக்கு இழுத்துவந்து சலிப்பது வீணுழைப்பாகும். எண்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பித் தற்காலிக அட்டவணையாக்கி, பொருத்தலை அங்கேயே நிகழ்த்தி, விடையை மட்டும் பெறுதலே தக்கது. டெராடேட்டா தரவுத்தளத்தில் இத்தகைய அட்டவணையை ஆக்குதற்குத் தனி அனுமதியும் வேண்டியதில்லை. தரவின் உடைமையாளரல்லாத ஆய்வாளருக்கு இது சிறு சலுகையன்று.

ஆயின், இவ்வட்டவணை தன்னை ஆக்கிய தொடர்புக்கே உரியது. அத்தொடர்பு முடிய அதுவும் மறையும். சாஸ் எழுதுதற்கு ஒரு தொடர்பையும் வாசித்தற்கு மற்றொன்றையும் திறக்குமாயின், முன்னது ஆக்கியதைப் பின்னது காணாது. எனவே, ‘டிபிஎம்எஸ்டெம்ப்=யெஸ்’ என அட்டவணையைத் தற்காலிகமாக்குவதோடு, ‘கனெக்‌ஷன்=குளோபல்’ என்னும் தெரிவினால் தொடர்பை ஒன்றாக்குதலும் வேண்டும்.

இதனினும் பாரதூரமானது பிறிதொன்று. டெராடேட்டாவில் அட்டவணையை நாமே எஸ்கியூஎல் மொழியில் ஆக்கும்போது, இயல்புநிலையில், பரிமாற்றம் உறுதியானதும் நிரைகள் அழிந்துவிடும், வெற்றட்டவணை எஞ்சும். பிழைச்செய்தி எதுவுமின்றி விடை வெறுமையாய் வரும். ‘அத்தகைய பதிவே இல்லை’ என அதனை ஆய்வு முடிவாகவே கொண்டுவிடும் அபாயம் இங்குண்டு. ‘ஆன் கமிட் ப்ரிசர்வ் ரோஸ்’ என்னும் தொடரைச் சேர்த்தலும், பொருத்துமுன் நிரைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தலும் இதனைத் தவிர்க்கும்.