"புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் சொன்னால்...

 

நமது கல்வி உதவி பெறும் மாணவியர் இருவர் சென்ற மாதம் ஒரே கோரிக்கையுடன் வந்தார்கள். அவர்களுடைய லேப்டாப்களில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற்றித் தரக் கேட்டபோது, கடை ஊழியர், "ரெண்டுமே பழசு, ஏறாது; புதுசு வாங்கிடுங்க" என்றாராம். இரண்டு லேப்டாப்புக்குக் கொட்டேஷனும் கொடுத்தனுப்பியிருந்தார்.

நீங்கள் தரும் பணம் எங்களிடம் உள்ள அமானிதம். எனவே, செக் எழுதுமுன் விசாரித்தோம். தெரிந்துகொண்டது உங்கள் வீட்டுக்கும் பயன்படும்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்பு வசதி, மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல் ஏற்கும். மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி, எது குறை என்பதைக் காட்டிவிடும்.

முதல் லேப்டாப்பில் டிபிஎம் மட்டுமே குறை என்று வந்தது. உண்மையில் அந்த வசதி உள்ளேயே இருந்தது. பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்டெலில் அதன் பெயர் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்'. பெயர் வேறாக இருந்ததால் ஊழியருக்குத் தெரியவில்லை போலும். அதை இயக்கியதும் விண்டோஸ் 11 ஏறியது. உரிமமுள்ள விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு இந்த மாற்றம் இலவசம்.

இரண்டாவது, ஆறாம் தலைமுறை. அதில் ஊழியர் சொன்னது சரிதான். ஆனாலும் உடனே புதிது வாங்கத் தேவையில்லை. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் செய்து பதிவு செய்தால் அதற்கும் கட்டணமில்லை. அந்த மாணவியின் படிப்பு அதற்குள் முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

கடை ஊழியரைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. பலருக்கும் முறையான பயிற்சி கிடைப்பதில்லை. கேட்க வேண்டியதை நாம்தான் கேட்க வேண்டும்:

1. ஏறாது என்றால், எந்தத் தகுதி குறைகிறது?
2. அப்கிரேடா, ஃபார்மேட்டா? அப்கிரேடில் ஃபைல்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஃபார்மேட்டில் அழியும். எதுவானாலும் முதலில் பென்டிரைவில் நகல் எடுங்கள்.
3. போடுவது உரிமமுள்ளதா? 'கிராக்' மலிவாகக் கிடைக்கலாம். அது பிறர் உரிமை, அதனுடன் வைரஸும் வரலாம்.
4. பில் உண்டா?

பதிலில் தெளிவில்லை என்றால், பணம் கட்டுமுன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.