பர்ச்சுவைப் படையலாக்காதீர்கள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கி சிராங்கூன் சாலையோடு தேக்கா பக்கம் நடந்தால் கேம்பல் லேன் வரும். 2015 மே மாதம் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் அங்கேதான். 2018-இல் அங்கே செட்டி மலாக்கா கண்காட்சி வைத்தார்கள், அந்தச் சமூகத்தின் சங்கத்தோடு சேர்ந்தே. நான் கண்காட்சிப் பலகைகளுக்குத் தமிழ் எழுத்துக் கோப்பவன். எங்கே போனாலும் பொருளுக்கு முன் பலகைதான் கண்ணில் படும். தொழில் வியாதி.

செட்டி என்றதும் காரைக்குடிக்குப் போய்விடாதீர்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூரில் பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரை. மலாக்காவில் இவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது. பெண்கள் உடுத்துவது கேபாயாவும் சாரோங்கும்.

போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் உணவு வைப்பதை இவர்கள் 'பர்ச்சு' என்பார்கள். இங்கேதான் தமிழ் எழுதுகிறவனுக்குக் கை பரபரக்கும். 'படையல்' என்று போட்டால் என்ன? பலகை நல்ல தமிழாகிவிடும், அதைப் படிக்கிற செட்டி வீட்டுப் பாட்டிக்கு மட்டும் அது அடுத்த வீட்டுக் கதையாகிவிடும். பர்ச்சு பெரிய எழுத்தில், விளக்கம் கீழே சிறிதாக: என் கட்சி இதுதான். படக்குறிப்பில் 'மலாய் உடையில் இந்தியப் பெண்' என்று எழுதுவதும் இதே தப்பு. அது அவளுடைய உடை.

செட்டிகள் பூர்வகுடிகள் அல்லர். ஆனால் பலகையில் பேசுவது யார் என்ற கேள்வியைப் பூர்வகுடிகள்தான் அருங்காட்சியகங்களிடம் உரக்கக் கேட்டார்கள். வாஷிங்டனில் 2004-இல் திறந்த அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகம், அந்தந்தப் பழங்குடியினரையே தொடக்கக் கண்காட்சிகளின் தொகுப்பாளர்களாக அமர்த்தியது.

கடைசி நாளில் சமூகத்தாருக்குக் கணினித் திரையைக் காட்டித் தலையாட்ட வைப்பதைக் கலந்து பேசுவது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பலகையை அசல் அளவில் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பெரியவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை நான் இதைச் செய்யவில்லை. தமிழுக்குப் பழகாத மென்பொருளில் 'கொ'வின் கொம்பு தனியே கழன்று நின்றது. திறப்பு விழாவில் ஓர் அம்மா வந்து, "தம்பி, எங்க தாத்தா பேரு உடைஞ்சு கிடக்கு" என்றார். புதுப் பலகை வர நான்கு நாளாயிற்று.

வீட்டில் பழைய படங்கள் இருந்தால், நாளை அவையும் கண்காட்சிக்கு வரலாம். பின்புறம் படத்தில் இருப்பவரின் பெயரை எழுதி வையுங்கள், நீங்கள் அவரைக் கூப்பிட்ட பெயரையே. மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடலாம்.