சம்பளம் ஏறினா சந்தோஷமும் ஏறுமா? பொருளாதார நிபுணர்கள் அளக்கும் 3 வழிகள்

கையில மாசம் 8,000 ரூபாய் கூடுதலா வர்ற புது வேலை. ஆனா தினமும் 2 மணி நேரம் கூடுதல் பயணம். மாறலாமா, வேண்டாமா? இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். பொருளாதார நிபுணர்கள் இதை எப்படிப் பார்ப்பாங்க?

1. செலவை வச்சு அளப்பது

மனசுக்குள்ள எட்டிப் பார்க்க முடியாது. ஆனா ஒருத்தர் எதைத் தேர்ந்தெடுக்கிறார்னு பார்க்கலாம். 1938-ல் பால் சாமுவேல்சன் சொன்ன யோசனை இது. ரெண்டையும் வாங்க காசு இருந்தும் ஒண்ணை எடுத்தா, அதுதான் உங்க விருப்பம்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஜிம்முக்கு மாதக் கட்டணம் கட்டினவங்களுக்கு ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல ஆச்சு. 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா 10 டாலர்தான்! ஆக, காசு கொடுத்ததாலேயே அது நமக்குப் பயன்பட்டதுன்னு அர்த்தமில்லை.

2. நேரடியா கேட்பது

"0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியில், உங்க வாழ்க்கை எந்தப் படியில இருக்கு?" இந்த அளவுகோல்ல வருமானம் ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறுது. 2010-ல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் ரெண்டு பேரும் காட்டினது இது.

3. நேற்றைய நாளைக் கேட்பது

2004-ல் கானமன் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளைத் துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் எப்படி இருந்தீங்கன்னு கேட்டாங்க. காலையில ஆபீஸ் போற பயணம் கடைசி இடத்துல வந்துச்சு. வேலை முடிஞ்சு நாலு பேரோட பழகுற நேரம் மேல இருந்துச்சு.

இப்போ உங்க கணக்கு

தினம் 2 மணி நேரம், 22 நாள்னா 44 மணி நேரம். 8,000-ல பயணச் செலவு 2,000 போனா மீதி 6,000. மணிக்கு சுமார் 136 ரூபாய்.

இப்போ யோசிங்க. பஸ்ஸை விட்டுட்டு, அரை மணி நேரம் மிச்சம் பண்ண ஆட்டோவுக்கு 100 ரூபாய் கூடுதலா கொடுக்கிற ஆளா நீங்க? அப்போ உங்க ஒரு மணி நேரத்துக்கு நீங்களே போட்ட விலை 200. அதைப் போய் 136-க்கு விக்கப் போறீங்க!

அதுக்காக பணம் முக்கியமில்லைன்னு சொல்ல வரலை. கடன் கழுத்தை நெரிக்குதுன்னா, புது வேலையில வளர்ச்சி இருக்குன்னா, கணக்கு மாறும். ஆனா சம்பள எண்ணை மட்டும் பார்த்து ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடாதீங்க. நேற்றைய உங்க நாளை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. உங்க மணி நேர விலை எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!