குரலும் மடையும்

பொதுக்கூட்டத்தில் பிரசங்கியின் குரல் கடைசி வரிசைக்கும் எட்டுவதைக் கண்டு, மின்சாரம் அவருடைய தொண்டைக்கு வலுவளிக்கிறதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. குரல் மடையைத் திறந்து மூடுகிறது. பாயும் வெள்ளம் வேறிடத்தினின்று வருகிறது.

இதை 1878-ம் வருஷத்தில் லண்டனில் டேவிட் எட்வர்ட் ஹியூஸ் என்பார் மூன்று ஆணிகளைக் கொண்டே காட்டினார். இரண்டை அருகருகே கிடத்தி, மூன்றாவதைக் குறுக்கே தளர்வாக வைத்து, பாட்டரியின் மின்சாரத்தை அவற்றின் வழியே டெலிபோன் காதுக்குழாய்க்குச் செலுத்தினார். ஓசையின் அதிர்ச்சி பட்டதும் ஆணிகளின் தொடர்பு இறுகியும் நெகிழ்ந்தும் மாறிற்று. மின்னோட்டமும் அவ்வாறே ஏறி இறங்கிற்று. இரும்புக்குப் பதில் கரித்துண்டுகளை வைத்தபோது பலன் இன்னும் சிறந்தது. ஈ நடக்கும் சப்தமும் கேட்டதாம்!

அமெரிக்காவில் கரியைக் கொண்டே பேசுகருவி அமைத்திருந்த எடிசன், தமது கண்டுபிடிப்பு களவாடப்பட்டதென்று முழங்கினார். அவர் உழைப்பு மெய்யானதே. களவென்ற குற்றச்சாட்டை நாம் ஏற்பதற்கில்லை. ஹியூஸ் தம் கருவிக்குப் பேடண்ட் உரிமையே வாங்கவில்லை. அச்சிடும் தந்தி யந்திரத்தால் முன்னரே செல்வந்தரானவருக்கு இது அரிதோ என்று கேட்கலாம். கேட்கட்டும், செல்வர் யாவரும் அப்படிச் செய்துவிடவில்லை. 1900-ல் அவர் மறைந்தபோது சொத்தின் பெரும்பகுதி லண்டன் ஆஸ்பத்திரிகளுக்குச் சென்றது.

கரி மைக்கில் இரைச்சல் உண்டு. நெடுந்தூரக் கம்பியிலோ குரல் தேய்ந்துவிடும். இதற்குப் பரிகாரம் லீ டி பாரஸ்ட் 1906-ல் அமைத்த மூன்று முனை வால்வினின்று வந்தது. சூடேறிய இழையிலிருந்து தகட்டுக்கு எலெக்ட்ரான்கள் பாயும் வழியில் ஒரு கம்பிவலை நிற்கிறது. வலையில் சிறிது மின்னழுத்தம் மாறினால் தகட்டின் ஓட்டம் பெரிதும் மாறும். மீண்டும் அதே மடைதான். ஆனால் உராயும் கரி இல்லை. வால்வினுள் வெற்றிடத்தை மேலும் செம்மைப்படுத்திய பின், 1915 ஜனவரி 25-ல் நியூயார்க்கிலிருந்து கிரஹாம் பெல் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்த வாட்ஸனை அழைத்தார். முன்போல் இங்கே வாரும் என்றதற்கு, வர ஒரு வாரமாகுமே என்றார் வாட்ஸன்.

பின்னர் வென்டே என்பார் செய்த கண்டென்ஸர் மைக் குரலைத் தெளிவாகப் பற்றிற்று. ஆனால் அது தரும் மின்சாரம் மிக நுண்ணியது. வால்வின்றி அதனால் பயனில்லை. 1947-ல் பிறந்த டிரான்ஸிஸ்டர் வால்வின் வேலையைச் சிறு படிகத்துக்குள் அடக்கிற்று.

கூட்டங்களில் ஒலிபெருக்கி ஊளையிடுவதும் இந்த மடையின் செயலே. குழலிலிருந்து வந்த ஓசை மைக்கில் மீண்டும் புகுந்து, பெருகி, திரும்பவும் புகுகிறது. ஆகையால் குழல்களைக் கூட்டத்தை நோக்கித் திருப்பி, மைக்கை அவற்றுக்குப் பின்னால் வைப்பது நலம்.