கொரிய மொழியைத் தமிழ் வழியாகவே கற்கலாம்

பென்னாகரத்திலோ அரூரிலோ தமிழ்வழியில் படித்தவர்கள் கொரிய மொழி கற்கத் தயங்குவது பெரும்பாலும் ஆங்கிலத்தை நினைத்துத்தான். பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்ற கவலை. ஆனால் வாக்கிய அமைப்பில் கொரிய மொழி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே நெருங்கியது.

'நேற்று தர்மபுரியில் வாங்கிய மாம்பழத்தைச் சாப்பிட்டுப் பார்த்தேன்.' இதைக் கொரிய மொழியில் ஏறக்குறைய இப்படிச் சொல்வார்கள்: 'ஒஜே தர்மபுரிஎஸொ ஸான் மாங்கோருல் மொகொ ப்வாஸ்ஸொயோ.' ஒஜே என்றால் நேற்று, எஸொ என்பது 'இல்', ஸான் என்றால் வாங்கிய, ருல் என்பது 'ஐ', மொகொ என்றால் சாப்பிட்டு, கடைசிச் சொல்லுக்குப் பொருள் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. உருபு பெயருக்குப் பின், பெயரெச்சம் பெயருக்கு முன், வினைமுற்று இறுதியில்.

வேறுபாடுகளும் உண்டு. கொரிய வினையில் திணை, பால், எண், இடம் தெரியாது. நான் போனாலும் அவள் போனாலும் 'காயோ'தான். மரியாதை மட்டும் தெரியும்: நண்பரிடம் 'கா', பொதுவாக 'காயோ', முறையான இடத்தில் 'காம்நிதா'. தமிழில் எழுவாய்க்கு உருபில்லை. கொரிய மொழியில் ஈ, கா என்ற உருபுகள் உண்டு. பேசுபொருளைச் சுட்ட உன், நுன் என்று தனியாக வேறு இருக்கின்றன. இவற்றில் எதை எங்கே போடுவது என்பது பழகப் பழகத்தான் பிடிபடும்.

அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆனாலும் அமைப்பில் உள்ள ஒற்றுமை கற்பவருக்குப் பெரிய துணை.

உச்சரிப்பிலும் தமிழ் கைகொடுக்கும். நம் 'பாதம்' என்ற சொல்லில் த மெலிந்து ஒலிக்கிறது. கடலைக் குறிக்கும் கொரியச் சொல்லான 'பாதா'விலும் அப்படியே. 'பாட்டு' என்பதன் ஈற்றில் இதழ் குவியாமல் வரும் குற்றியலுகரம்தான் 'ருல்' என்பதில் உள்ள உகரம். கால்+அடி 'காலடி' ஆவதுபோல, சோற்றைக் குறிக்கும் 'பாப்' என்பதோடு 'ருல்' உருபின் மற்றொரு வடிவமான 'உல்' சேர்ந்தால், பாப்+உல் 'பாபுல்' ஆகும். நல்+மை 'நன்மை' ஆவதுபோல, 'காப்நிதா' என்று எழுதியதைக் 'காம்நிதா' என்றே படிப்பார்கள்.

சிரமம் ஓரிடத்தில் இருக்கிறது. நிலா, முகமூடி, மகள் மூன்றுக்குமான கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'தால்'தான். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துச் சொல்லிப் பாருங்கள். நிலாவுக்கு மூச்சு லேசாகப் படும், குரல் தாழும். முகமூடிக்கு மூச்சு பலமாக அடிக்கும், குரல் உயரும். மகளுக்கு மூச்சே படக்கூடாது. 'அத்தை' என்னும்போது நாக்கு அழுந்தி நிற்கிறதே, அந்த அழுத்தத்தோடு தொடங்க வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக எழுத்தைக் கற்றுவிடுங்கள். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. மூன்று 'தால்'களுக்கும் அதில் தனித்தனி முதலெழுத்து உண்டு. சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ மையம் கொரிய வகுப்புகள் நடத்துகிறது. டோபிக் என்ற தகுதித் தேர்வில் 6 நிலைகள். முதல் இரண்டும் தொடக்கநிலையினருக்கு.

இலக்கணத்தைத் தமிழோடு ஒப்பிட்டே படியுங்கள். ஒலியை மட்டும் தமிழில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். கொரியர் பேசுவதைக் கேட்டு, ஹங்குலிலேயே எழுதிப் பழகுங்கள்.