தொட்டி மீனும் ஏரி நீரும்

பெங்களூர் நகரின் ஈஜிபுராவைப் போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும் இன்று கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் உண்டு. சென்னை கொளத்தூரில் பல குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டிகளில் இம்மீன்களைப் பெருக்கி வருவாய் ஈட்டுகின்றன. மீன் எதை உண்கிறது, எவ்வாறு பெருகுகிறது என்பவற்றை வாங்குவோரும் விற்போரும் அறிந்திருத்தல் அவசியம். அறியாமையால் விளையும் நட்டம் தொட்டியோடு நின்றுவிடுவதில்லை.

உணவு முறை

மீனின் வாயமைப்பே அதன் உணவுப் பழக்கத்தைக் காட்டும். கப்பி மீனின் வாய் மேல்நோக்கியது. அது நீர்ப்பரப்பில் மிதப்பதை உண்ணும். கெளுத்தியின் வாய் கீழ்நோக்கியது. மீசை போன்ற உணர்விழைகளால் அடித்தரையைத் துழாவி இரை தேடும். கோரிடோரஸ் எனும் சிறு கெளுத்தி கழிவைத் தின்றே வாழும் என்று பலர் கருதுவது தவறாகும். அதற்கென நீரில் அமிழும் உணவை இடவேண்டும். எனினும் எந்த மீனுக்கும் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே போதுமானது. எஞ்சிய உணவு அழுகினால் அம்மோனியா பெருகி மீன்கள் மடியும்.

இனப்பெருக்கம்

கப்பி ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சுகளையே ஈனும். தங்கமீன் நீர்ச்செடிகளில் ஒட்டும் முட்டைகளைச் சிதறவிட்டுப் பின்னர் அவற்றையே தின்றுவிடும். சண்டை மீனில் ஆண், நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். கோரிடோரஸ் பெண் சில முட்டைகளை வயிற்றுத் துடுப்புகளிடையே ஏந்திச் சென்று கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டும். சில நாட்களில் குஞ்சு பொரியும். முட்டைகளையோ பெற்றோரையோ வேறு தொட்டிக்கு மாற்றினால்தான் குஞ்சுகள் தப்பும். அவற்றிற்கு முதல் உணவாக நுண்ணுயிர்களும், பின்னர் ஆர்டீமியாவின் இளம் உயிர்களும் ஏற்றவை.

துப்புரவு மீனின் மறுபக்கம்

தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. விரலளவில் வாங்கிய மீன் 40 செ.மீ.க்கும் மேல் வளரக்கூடும். இடம் போதாமற் போகவே, சிலர் இரக்கத்தோடு அதை ஏரியில் விட்டுவிடுகின்றனர். தொட்டியில் நன்மையாகத் தோன்றிய இயல்புகளே ஏரியில் தீமையாகின்றன. பாசியையும் மட்கிய பொருளையும் தின்று நாட்டு மீன்களின் உணவில் பங்கு கேட்கும். காற்றை விழுங்கிச் சுவாசிப்பதால் மாசுற்ற நீரிலும் பிழைக்கும். ஆண் மீன் கரையில் வளை தோண்டி முட்டைகளைக் காப்பதால் குஞ்சுகள் மிகுதியாகத் தப்புகின்றன, கரையோ சரிகிறது. கவசம் போன்ற செதிலும் முள்ளும் மீனவரின் வலையைக் கிழிக்கின்றன. கங்கையிலும், தமிழ்நாடு, கேரளம், ஆந்திர மாநில நீர்நிலைகளிலும் இம்மீன் காணப்பட்டுள்ளது.

ஈஜிபுராப் பகுதியின் மழைநீர்க் கால்வாய் பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. அந்நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கிறது. ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து விடப்படும் மீன் இரு மாநிலங்களின் பிரச்சினையாக மாற இயலும். மீனை விற்பதன் ஆதாயம் ஒருவருக்கு. அதைக் கைவிடுவதன் செலவோ மீனவருக்கும் ஊருக்கும். இச்செலவு எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

ஆகவே விற்பனையாளர் மீனின் முழு வளர்ச்சி அளவை முன்னரே கூறுதல் வேண்டும். வளர்க்க இயலாத மீனைக் கடைக்கோ, பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ திருப்பித் தரலாம். ஏரியில் மட்டும் விடலாகாது.